டூட்டி சீட்டின் முதல் வரி

“ஜல்பு புட்ச்சாலே நாலு பேரு பக்கத்துல குந்தணும் உனக்கு. நீ போயி ஃபாரின்ல தனியா இருந்து கிழிக்கப் போறியா?”

எனக்கு விசா வந்த அன்று அத்தை இப்படிக் கேட்டாள். அப்பாவின் அக்கா. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். காலிக் கூடையை எங்கள் வாசலில் கவிழ்த்துவிட்டு, முழங்கையில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள். வீட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ராட்டர்டாம் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் சளி பிடித்து மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, வீட்டிலிருந்து வந்த வீடியோ காலை எடுத்து, “நெட்டு சரியில்ல, மூஞ்சி தெரியாது” என்று பொய் சொன்னது அந்தக் கேள்விக்காகத்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான் முதல். எண்ணூரில் இஞ்சினியரிங் படித்து, துறைமுகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, அங்கிருந்து ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போனேன். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எந்த அடுக்கில் ஏற வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. அப்பா எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். “நான் டயர் தேய இஸ்துக்கினு போறத அது ஒரு வெரலால தள்ளிட்டு பூடும்” என்று லாரி வரிசையில் நிற்கிற டிரைவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அங்கே எனக்குப் பெரிய குறை ஒன்றும் இருந்ததில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. கட்டில் வாங்கி நானே பூட்டினேன். வந்த முதல் மாதமே வீடு மாறியபோது மூன்று பெட்டிகளை டிராமில் ஏற்றி இறக்கி நானே கொண்டுபோனேன்.

வலி ஒரு மத்தியானம் அலுவலகத்தில் வந்தது. வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுக்குப் போய்த் தோளில் ஏறியது. வாயு என்று நினைத்துச் சுடுதண்ணீர் குடித்தேன். இரண்டாவது முறை வந்தபோது நிற்க முடியவில்லை. டிராமில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பித்தப்பையில் கல். மாத்திரையில் கரையாது, பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வயிற்றில் நான்கு சின்ன ஓட்டைதான், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். தள்ளிப் போட்டால் கல் நழுவிக் குழாயை அடைத்துக்கொள்ளும், அப்போது அவசரமாகச் செய்ய வேண்டிவரும் என்றும் சொன்னார்கள்.

ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து படிவம் வந்தது. படிவம் என்றால் எனக்குப் பயமே கிடையாது. பதினோரு வயதிலிருந்து எங்கள் பிளாக்கில் ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் மீனவர் நிவாரணத்துக்கும் எழுதிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றேன். ஆபரேஷன் முடிந்த முதல் இருபத்துநான்கு மணி நேரம் உங்களோடு வீட்டில் இருக்கப்போகிறவர் யார்? பெயர், தொலைபேசி எண். அவர் இல்லாமல் உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆபரேஷனும் செய்ய முடியாது.

அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை அனுப்பினேன். நர்ஸ் போன் செய்தாள். நண்பர், அக்கம்பக்கத்தார் யாராக இருந்தாலும் போதும் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வாரக் கடைசியில் மூன்று வார விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு சென்னைக்கு டிக்கெட் போட்டேன். ஊருக்குப் போய் அங்கேயே ஆபரேஷனை முடித்துக்கொள்ளலாமா என்று எண்ணம். வீட்டில் சொல்லவில்லை. சும்மா லீவு என்றுதான் சொன்னேன்.

எர்ணாவூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அந்தப் பெரிய அலை அடித்த பிறகு கரையோரக் குப்பங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடி வைத்த பிளாக்குகள். கொடியில் காயும் துணியை உதறித்தான் உள்ளே எடுக்க வேண்டும், அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். காற்று திரும்பினால் உரக் கம்பெனி வாடை வரும். ராட்டர்டாமில் சுத்தமான காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வாடைக்காக நான் ஏங்கியிருக்கிறேன் என்றால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். அதிலும் லாரி ஹாரன் சத்தம். அங்கே லாரிகள் சத்தமே போடாமல் போகும். அப்பா வீட்டுக்கு வருகிறபோது தெருமுனையில் இரண்டு முறை அமுக்குவார். அந்த இரண்டு ஹாரன் கேட்டால்தான் எங்கள் வீட்டில் சோறு போடுவார்கள்.

மூன்றாம் நாள் அத்தை சுறா புட்டு செய்து கொண்டுவந்தாள். பால் சுறாவை வேக வைத்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டு எண்ணெய் மிதக்கக் கிளறியது. கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக நாக்கில் நினைத்துக்கொண்டே இருந்த ருசி. இரண்டு கவளம் என்று நினைத்து முழுத் தட்டையும் தின்றுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் தரையில் சுருண்டு கிடந்தேன்.

வலி விட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எத்தினி நாளா கீது?”

“ரெண்டு மாசம்மா.”

அவள் திட்டவில்லை. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. டூட்டி சீட்டு போடப் போகிறாள்.

எங்கள் பிளாக்கில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் ஒரு சீட்டு போடுவார்கள். ஆஸ்பத்திரியில் யார் எந்த நேரம் கூட இருப்பது, யார் கஞ்சி கொண்டுபோவது, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, யார் அவர்கள் குடத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடிப்பது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் பெட்டிக் கதவில் ஒட்டுவார்கள். வீடு திரும்பி நடமாடுகிற வரைக்கும் அது அங்கே இருக்கும். ஒரு விதி உண்டு. முதல் வரியில், முதல் டூட்டிக்கு, சொந்தக்காரர் பெயர் போடக் கூடாது.

அந்த விதி எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. நாங்கள் இங்கே குடி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு குப்பம், எதிர்வீட்டில் யார் என்றே தெரியாது. அம்மாவுக்குக் குடல்வால் வெடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அப்பா அப்போது லாரியில் கிளீனர், எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருந்தார், போனும் கிடையாது. அத்தைதான் கூட இருந்தாள். இருந்தாள் என்றால், அம்மாவை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்ததும் தலையில் அடித்துக்கொண்டு கத்தி, நடையில் மயங்கி விழுந்து, அவளுக்கு ஒரு நர்ஸ் தண்ணீர் தெளிக்க வேண்டியதாகி, கடைசியில் வார்டை விட்டே வெளியே அனுப்பிவிட்டார்கள். வேறு பொம்பளை ஆள் யாராவது இருந்தால் கூட்டி வா என்று சொல்லி அனுப்பினார்கள்.

அத்தை எர்ணாவூருக்கு வந்து என்னையும் இழுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள். எனக்குப் பதினோரு வயது. வீட்டில் அவள் வைத்துவிட்டுப் போன சங்கரா மீன் நாலைந்து இருந்தது.

“மீன் எடுத்துக்கினு போலாம் அத்த” என்றேன். சும்மா போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

“இன்னாத்துக்கு? குட்த்துட்டு கேட்டா வேலைக்கு கூப்புட்றா மாரி ஆயிடும். சும்மா வா.”

முதல் வீட்டில் திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் கைக்குழந்தை. நாலாவது மாடியில் ஒரு அக்கா திறந்தாள். அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. அத்தை தெரியாதவளிடம் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கவில்லை. “தோ பாரும்மா, என் தம்பி பொண்டாட்டி வெட்டுக் காயத்தோட கெடக்குது. நான் அழுதுக்கினே கீறேன், என்ன வெளிய தள்ட்டாங்கோ. அழாத ஆளு ஒண்ணு வேணும்” என்றாள். அந்த அக்கா உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான். மறுநாளுக்கு யார், அதற்கு மறுநாளுக்கு யார் என்று கேட்டு எழுத ஆள் வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்தவள் நான். அதிலிருந்து எல்லாச் சீட்டும் என் கையெழுத்துதான். நான் ராட்டர்டாம் போன பிறகும் போனில் சொல்லச் சொல்ல எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு வலி வந்ததற்கு மறுநாள் காலையில் ராயபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். என் ஸ்கேன் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை செய்துவிடலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இங்கே செய்துகொண்டால் உடனே விமானம் ஏற வேண்டாம். லீவைக் கொஞ்சம் நீட்டிக்க முடியுமா? அங்கே எல்லாம் தயாராக இருக்கிறதென்றால் அங்கேயே செய்துகொள்வதுதான் சௌகரியம், பின்னால் ஏதாவது என்றாலும் அதே டாக்டர் பார்ப்பார். அங்கே உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லையென்றால் இங்கே செய்துகொள், இருந்தால் அங்கே செய்துகொள், இரண்டும் ஒன்றுதான் என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். “ஆளு இல்ல டாக்டர். திங்கக்கெழம வெச்சிக்கலாம்.”

அன்று சாயங்காலம் படிக்கட்டில் ஆறு பேர் கூடிவிட்டார்கள். நாலாவது மாடி அக்கா, அம்மா, அத்தை, கீழ்வீட்டு பாய் வீட்டம்மா, இன்னும் இரண்டு பேர். காலண்டர் தாளும் பேனாவும் என் கைக்கு வந்தது.

“எழுதுமே” என்றாள் அக்கா.

“என் சீட்ட நானே எழுதணுமா?”

“பின்ன யாரு, கலெக்டரா வந்து எழுதுவாரு? இத்தினி வர்ஷம் எங்க எல்லாருக்கும் எழுதுன, உனக்கு எழுத கை வலிக்குதா?”

நாலாவது மாடி அக்கா முதல் டூட்டி தனக்குத்தான் என்றாள். பாய் வீட்டம்மா தாளிக்காமல் வெறும் கஞ்சி, எண்ணெய் ஒரு சொட்டு போட மாட்டேன் என்றாள். “நீ போடாட்டியும் உங்க வூட்டு கஞ்சில தானா வந்து மெதக்கும்” என்று யாரோ சொல்ல, சொன்னவளின் முதுகில் அவள் ஒன்று வைத்தாள். சத்தமும் சிரிப்பும் மேலே மாடி வரைக்கும் போயிருக்கும். நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளாக எனக்கு எது இல்லாமல் இருந்ததோ அது இங்கே என் முழங்காலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

எழுதுவதற்கு முன்னால் ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. “அங்கயும் பண்றேன்னு சொல்லிக்கினுதான் கீறாங்க. ஒரு நாளைக்கு மட்டும் கூட ஆளு வேணுமாம்.”

“ஒரு நாளா? ஒரே நாளு?” என்றாள் அக்கா.

“ஒரே நாளு.”

“அவ்ளோதானா! போன ஆன்லயே வெச்சிக்கோ. வீடியோல நாங்க முற போட்டு பாத்துக்கறோம். அங்க எம்மா நேரம் லேட்டு?”

“மூன்ற மணி நேரம். குளிருன்னா நாலர.”

உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே அவள் தூங்குகிற நேரத்தில் இங்கே நமக்குத் தண்ணி வருகிற நேரம், குடத்தடியில் நின்றுகொண்டே பார்க்கலாம். பாய் வீட்டம்மா விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்திருக்கிறவள், அவள் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும். நிஜமாகவே நான்கு வரி எழுத வைத்துவிட்டார்கள். நானும் எழுதினேன்.

அத்தை அதுவரை பேசவில்லை. “ஏன்மே, அவ எழுந்து நடக்கச் சொல்லோ மயங்கி வுந்துட்டா, நீ போனுக்குள்ளாருந்து கைய நீட்டி தூக்குவியா?”

எல்லோரும் நிறுத்தினார்கள். அக்கா என்னிடம் திரும்பினாள்.

“உன் எதிர் வூட்ல யாரு கீறாங்க?”

“ஒரு அம்மா. போலந்துக்காரங்க. நம்ம அத்த வயசு இருக்கும்.”

“பேரு இன்னா?”

சொன்னேன். சொல்லும்போது சரியாகத்தான் சொல்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது. “பார்சல் மேல பாத்துகீறேன். நான் இல்லாதப்ப எனக்கு வர்றத அவங்க வாங்கி வெப்பாங்க. அவங்களுக்கு வர்றத நான்.”

“பேசமாட்டியா?”

“தலையாட்டுவேன்.”

“ரெண்டு வர்ஷமாவா?”

பாய் வீட்டம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. ஜல்பு புட்ச்சாலே என்று இப்போது அவள் ஆரம்பித்திருக்கலாம், நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு பக்கம் எண்ணூர்ப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். கீழே லாரிகள் நகராமல் நின்றன. இங்கேயே செய்துகொண்டால் என்னென்ன நடக்கும் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். கண் விழிக்கும்போது அக்காவின் முகம் தெரியும். அம்மா வெளியே அழுதுகொண்டிருப்பாள். அப்பா லாரியை எங்கோ விட்டுவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்து, பெண்கள் வார்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் ஜன்னலுக்கு வெளியே நின்று கையாட்டுவார். பத்து நாள் என் தலையை யாராவது வாரிவிடுவார்கள். அதை நினைக்க நினைக்க ஆசையாக இருந்தது. அதற்குப் பிறகு விமானம் ஏறி, அதே கதவுக்கு எதிரே உள்ள அதே கதவைத் திறந்து உள்ளே போவேன். அடுத்த முறை வேறொன்று வரும். அடுத்த சளிக்கும் டிக்கெட் எடுப்பேனா? அந்தப் படிவத்தில் அந்தக் கட்டம் அப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அங்கேயே செய்துகொள்ளப் பார்க்கிறேன் என்றேன். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடி வடித்தாள்.

“அப்ப நான் எதுக்குடி கீறேன்?”

கீழே சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டேன்.

“நான் வரட்டா? பாஸ்போர்ட்டு எட்த்துக்கினு வரட்டா?”

“அதுக்கெல்லாம் மாசக் கணக்கா ஆவும்மா.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். “வந்தாலும் மொத டூட்டிக்கு நான் ஆவ மாட்டேன். உங்க அத்த மாரிதான் நானும்.” பிறகு, “ரெண்டாவது வரில என் பேர போட்டுக்கோ. போன்ல. தண்ணி வந்தாலும் போவ மாட்டேன், உன்னியே பாத்துக்கினு கீறேன்” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அவளுக்கு ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை வேண்டாம் என்று ராயபுரத்துக்குப் போன் செய்து சொன்னேன். மீதி நாளெல்லாம் எண்ணெய் இல்லாத கஞ்சியும் இட்லியும் தின்றேன். புறப்படும் அன்று அப்பா தெருமுனையில் இரண்டு ஹாரன் அடித்து நின்றார். லாரியில் ஏர்போர்ட்டுக்குப் போக முடியாது, ஆட்டோவில்தான் போனோம். ஆனாலும் லாரியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போக வேண்டுமாம். அத்தை வழியனுப்ப வந்தவள், வறுத்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என் பைக்குள் திணித்தாள்.

“உனுக்கில்ல. நீ துன்னக் கூடாது. அங்க யார்க்காவது குடு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராட்டர்டாம் வந்து இறங்கினேன். பெட்டியை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு போகும்போது எதிர்க் கதவுக்குப் பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு இடம் இருக்கிறது, கூட இருப்பவர் பெயரை நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் குளித்து, நல்ல உடை போட்டுக்கொண்டு, கருவாட்டுப் பொட்டலத்தை ஒரு அழகான பைக்குள் வைத்தேன். மேலே ஒரு சின்ன ரிப்பனும் கட்டினேன். முதலில் இதைக் கொடுத்து, ஊருக்குப் போயிருந்தேன் என்று சொல்லி, அதற்குப் பிறகு மெதுவாக விஷயத்தை ஆரம்பிப்பதாகத் திட்டம். என்ன சொல்வது என்று டச்சில் நான்கு வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். என் கதவுக் குமிழில் கை வைத்த பிறகுதான் இன்னொரு கையிலிருந்ததைப் பார்த்தேன்; அன்று கதவு தட்டப் போனபோது அத்தை மீனை எடுக்க விடாதது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து பையை மேசை மேல் வைத்தேன். எழுதிய தாளையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன். எதிர்க் கதவுக்குப் போய், வெறுங்கையால் தட்டினேன்.